வரி போடுங்கள் என்று வாக்களித்த ஊர்கள்

1934 நவம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் திவாலாகி, சேமிப்பு கரைந்து, வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த பெருமந்தக் காலம். அந்த மாதம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஓக்லாண்ட், பெர்க்லி முதலான ஏழு நகரங்களின் வாக்காளர்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைகளைப் பூங்காக்களாகக் காப்பாற்ற ஒரு தனி வாரியம் அமைக்கலாமா? அதற்காக உங்கள் சொத்தின் வரிமதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 சென்ட் கூடுதலாகக் கட்டச் சம்மதமா? பத்தில் ஏழு பேர் சம்மதம் என்றார்கள்.

அந்த மலைகள் அதுவரை குடிநீர் வாரியத்தின் கையில் இருந்தன. தொலைவிலுள்ள சியரா மலைத்தொடரிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்துவிட்டதால், அருகிலிருந்த நீர்ப்பிடிப்பு நிலத்தில் சுமார் 10,000 ஏக்கர் வாரியத்துக்குத் தேவையற்றுப் போயிற்று. அதை மனைபோட்டு விற்றால் காசு. 1930-ல் ஓம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனமும் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த ஆன்சல் ஹாலும் சேர்ந்து, இது தொடர்ச்சியான பூங்கா நிலமாகவே இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். பூங்கா நடத்துவது எங்கள் வேலை இல்லை என்று குடிநீர் வாரியம் ஒதுங்கிக்கொண்டது. பிறகுதான் ஊர் மக்கள் கையெழுத்து வாங்கி, பிரச்சினையை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1936-ல் 2,000 ஏக்கருக்கும் சற்று மேல் வாங்கித் தொடங்கிய அந்த வாரியத்திடம் இன்று 1.2 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது.

வாக்குச்சாவடியில் பெயரையும் சின்னத்தையும் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இந்த நடைமுறை புதிது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்பாளர் பட்டியலுக்குக் கீழேயே கேள்விகளும் அச்சாகியிருக்கும். பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா, நூலகத்துக்கு வரியை நீட்டிக்கலாமா, காட்டையும் வயலையும் வாங்கிக் காப்பாற்றப் பணம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். நிலப் பாதுகாப்பு தொடர்பான இத்தகைய வாக்கெடுப்புகளை ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ என்ற தன்னார்வ நிறுவனம் 1988 முதல் தொகுத்துவருகிறது. ஆயிரக்கணக்கான வாக்கெடுப்புகள் அதில் பதிவாகியிருக்கின்றன. ஏறக்குறைய நான்கில் மூன்று வென்றிருக்கின்றன. அவற்றால் திரண்ட பணம் பல ஆயிரம் கோடி டாலர்.

வரி என்றாலே அரசியல்வாதிகள் அஞ்சி ஒதுங்கும் நாட்டில் இது பெரிய விஷயம். ஆனால் ‘நான்கில் மூன்று’ என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பொதுமக்களின் மனத்தை எடைபோட முடியாது என்றே நான் கருதுகிறேன். ஒரு வரிக்குக் கெடு முடிந்து, மக்கள் அதன் பலனைக் கண்ணால் பார்த்தபின், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கும்போது என்ன சொல்கிறார்கள் என்பதே இன்னும் வலுவான சான்று. அதற்கு வருமுன் இந்த வழக்கம் வேர்பிடித்த ஓர் ஊரைப் பார்க்க வேண்டும்.

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம் ராக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. 1950-களில் ஊர் வேகமாகப் பெருத்தது; வீடுகள் மலைச்சரிவில் ஏறத் தொடங்கின. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த ஆல்பர்ட் பார்ட்லெட்டும் கணிதம் கற்பித்த ராபர்ட் மெக்கெல்வியும் நண்பர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் யாரும் வீடு கட்டமாட்டார்கள். எனவே, ஏறக்குறைய 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சி குடிநீர் தரக்கூடாது என்று நகரச் சாசனத்தில் திருத்தம் கோரினார்கள். 1959-ல் வாக்காளர்கள் ஏற்றார்கள். வரைபடத்தில் மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் அந்த எல்லைக்கு ‘நீலக்கோடு’ என்று பெயர்.

கோடு போட்டால் போதாது என்பது சீக்கிரமே புரிந்தது. கோட்டுக்கு மேலே ஒரு மேட்டுநிலத்தில் சொகுசு ஓட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, அந்த நிலத்தையே வாங்கிவிடுவது என்று நகரம் தீர்மானித்தது. 1962-ல் 1,05,000 டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஒவ்வொரு மிரட்டல் வரும்போதும் இப்படி ஓடி ஓடிப் பணம் திரட்ட முடியாது. நிலையான வருவாய் வேண்டும். 1967 நவம்பரில், கடையில் வாங்கும் பொருளின் மீது 1 விழுக்காடு விற்பனை வரி வாக்கெடுப்புக்கு வந்தது. அதில் 0.4 விழுக்காடு திறந்தவெளி நிலம் வாங்க, மீதி சாலைகளுக்கு. வென்றது. நிலம் வாங்குவதற்கென்றே தன் மேல் தானே வரி போட்டுக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் போல்டர் என்பார்கள். இன்று அந்த நகரத்தின் பொறுப்பில் 46,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

அந்த வரியில் சாலையும் சேர்ந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். மலையேறுபவருக்கு நிலம், கார் ஓட்டுபவருக்குச் சாலை என்று இரு தரப்பையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்த ஏற்பாடு அது. பின்னாளில் வென்ற பல வாக்கெடுப்புகளில் இந்தக் கூட்டு திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

கொலராடோவில் 1992-க்குப் பிறகு விதி கடுமையானது. வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் வரியைக் கூட்டக்கூடாது என்று மாநில அரசியல் சட்டத்தில் அந்த ஆண்டு ஒரு திருத்தம் சேர்ந்தது. வாக்குச்சீட்டின் வாசகத்தையே அது வகுத்துவிட்டது: ‘வரியை ஆண்டுக்கு இத்தனை டாலர் உயர்த்தலாமா’ என்றுதான் கேள்வி தொடங்க வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். எதற்காக என்ற விவரம் அதன் பிறகுதான். முதலில் கண்ணில் படுவது முழு ஆண்டுக்கான மொத்தத் தொகை. வேண்டாம் என்று சொல்லத் தூண்டும் இப்படியொரு வாசகத்தைப் படித்த பின்னரும் அந்த மாநிலத்தின் பல கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) நகரங்களும் நிலத்துக்கான வரிகளை ஏற்றிருக்கின்றன, நீட்டித்தும் இருக்கின்றன.

இனி அந்த ‘நான்கில் மூன்று’க்கு வருவோம். அமெரிக்காவின் எல்லா ஊர்களிலும் இந்தக் கேள்வி வைக்கப்படுவதில்லை. கேள்வியை வைக்க விரும்புகிறவர்கள் முதலில் கருத்துக்கணிப்பு நடத்துகிறார்கள். 30 டாலர் என்றால் எவ்வளவு ஆதரவு, 20 டாலர் என்றால் எவ்வளவு, 10 ஆண்டு கெடு வைத்தால் கூடுமா என்று பார்க்கிறார்கள். தேறாது என்று தெரிந்தால் வாக்குச்சீட்டுக்கே போவதில்லை. ஜனநாயகக் கட்சிக்கு வேலை செய்யும் கணிப்பு நிறுவனம் ஒன்றையும் குடியரசுக் கட்சிக்கு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றையும் ஒன்றாக அமர்த்தி, எப்படிப் பேசினால் எடுபடும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். தண்ணீரை முதலில் சொல்லுங்கள், பல்லுயிர் என்றும் சூழல் அமைப்பு என்றும் பேசாதீர்கள் என்பது அந்த ஆலோசனைகளின் சாரம். வெல்லும் என்று நம்பிய இடத்தில் மட்டும் போட்டியிட்டால் வெற்றி விகிதம் உயர்வாகத்தான் இருக்கும்.

பொருளாதார அறிஞர்கள் இதைக் கவனிக்கத் தவறவில்லை. மேத்யூ காட்சனும் ஷான் பவர்ஸும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, எந்த ஊர்களில் இக்கேள்வி எழுகிறது என்பதையும், எழுந்த இடத்தில் எவ்வளவு ஆதரவு கிடைக்கிறது என்பதையும் தனித்தனியாகப் பார்த்தது. நேரடி வரியைவிடக் கடன்பத்திரத்துக்கு வாக்காளர்கள் எளிதில் இணங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. கடனும் ஒருநாள் வரியாகத்தான் வந்து சேரும். ஆனால் சுமை தள்ளிப்போகிறது, வாங்கிய நிலம் இன்றே கைக்கு வருகிறது. வில்லியம் ஃபிஷெல் 2001-ல் எழுதிய நூலில் முன்வைத்த கருத்தும் இங்கே பொருந்தும். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துக்கு வீடுதான் பெரிய சொத்து, ஆகவே உள்ளூர் வாக்கெடுப்பில் வீட்டின் மதிப்பைக் கணக்கில் கொண்டே வாக்களிக்கிறார்கள் என்றார் அவர். பக்கத்து வயல் வயலாகவே இருந்தால் வீட்டின் விலை ஏறும். ஆதரவு முழுவதையும் இயற்கை மீதான அன்பு என்று எழுதிவிட முடியாது. முழுவதையும் சுயநலம் என்று ஒதுக்கவும் முடியாது; அதற்கு மிஸூரி மாநிலமே சாட்சி.

மிஸூரியில் 1976-ல் வனவிலங்குகளுக்கும் காடுகளுக்கும் என்று ஒரு விற்பனை வரி மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றது. ஒரு டாலர் பொருளுக்கு எட்டில் ஒரு சென்ட். 1984-ல் இரண்டாவதாக ஒன்று வந்தது: ஒரு டாலருக்குப் பத்தில் ஒரு சென்ட், பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி மண் பாதுகாப்புக்கு. அப்போது மண் அரிப்பு மிக மோசமாக இருந்த அமெரிக்க மாநிலங்களில் மிஸூரியும் ஒன்று. மழைக்கு மேல்மண் கரைந்து ஓடைகளை நிரப்பிக்கொண்டிருந்தது. சரிவு நிலத்தில் வரப்பு கட்டவும், நீரோடைகளின் ஓரத்தில் புல் வளர்க்கவும், மேய்ச்சலை முறைப்படுத்தவும் விவசாயிகளுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கை இந்த வரி ஏற்றது. விவசாயியின் கைக்காசும் சேர்ந்தே வேலை நடந்தது. இன்னொரு பாதிப் பணத்தால் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணமே இல்லை.

1984-ல் அந்த வரியும் தட்டுத்தடுமாறித்தான் வென்றது. கெடு வைத்த வரி என்பதால் 1988-லும் 1996-லும் மறுபடி கேட்டார்கள். இருமுறையும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஆதரித்தார்கள். 2006-ல் ஆதரவு 70 விழுக்காட்டைத் தாண்டியது. 2016-ல் 80. அதே 2016 நவம்பர் நாளில், அதே வாக்குச்சீட்டில், மிஸூரி பெரும் வித்தியாசத்தில் டொனால்ட் டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தது. செயின்ட் லூயிஸ் போன்ற பெருநகரங்களின் தயவால் மட்டும் 80 விழுக்காடு வராது. சோயா விளையும் கவுண்டிகளில், வரி வேண்டாம் என்று பேசும் கட்சிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இந்த வரியை வைத்திருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தன் நிலத்து வரப்பிலும், குடும்பத்தோடு போகும் பூங்காவின் வாசலிலும் வரி என்ன செய்தது என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஆதரவு படிப்படியாக ஏறிய இந்த வரிசைதான், என் பார்வையில், இந்த விஷயம் முழுவதிலும் மிக முக்கியமான சான்று.

மின்னசோட்டாவின் கதையும் இதற்கு உறவுதான். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் சுமார் பத்தாண்டு காலம் மன்றாடிய பிறகு, 2008-ல் ஓர் அரசியல் சட்டத் திருத்தம் வாக்குச்சீட்டில் ஏறியது. விற்பனை வரியை 25 ஆண்டுகளுக்கு 0.375 விழுக்காடு உயர்த்தி, மூன்றில் ஒரு பங்கைத் தூய நீருக்கும், மூன்றில் ஒரு பங்கைக் காடு, சதுப்புநிலம், புல்வெளி போன்ற வாழிடங்களுக்கும், மிச்சத்தைப் பூங்காக்களுக்கும் கலைகளுக்கும் பகிர்ந்தது அது. வாத்து வேட்டைக்காரரும் நாடகக்காரரும் ஒரே மேடையில் வாக்குக் கேட்டார்கள். அந்த மாநிலத்தில் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஒரு கடினமான விதி உண்டு: கேள்வியைத் தொடாமல் விட்டாலும் அது ‘இல்லை’ என்றே கணக்கு. லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அப்படியும் பதிவான எல்லா வாக்குச்சீட்டுகளிலும் 56 விழுக்காடு ஆம். ஏற்கெனவே அரசு செலவழித்துவந்த தொகைக்கு மாற்றாக இந்தப் பணத்தை வைக்கக் கூடாது, மேலதிகமாகவே சேர்க்க வேண்டும் என்று திருத்தத்திலேயே எழுதிவைத்தார்கள். வாழிடங்களுக்கான பணத்தைப் பரிந்துரைக்கும் குழுவில் பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேர் சட்டமன்றத்துக்கு வெளியிலிருந்து வரும் குடிமக்கள்.

தோற்ற இடங்களும் பேசுகின்றன. கலிஃபோர்னியாவில் 2010-ல் மாநிலப் பூங்காக்களுக்காக ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆண்டுக்கு 18 டாலர் கட்டணம் கேட்டார்கள். கட்டினால் பூங்காக்களில் நாள் முழுக்க நுழைவு இலவசம். 57 விழுக்காட்டினர் மறுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய ஒன்பது கவுண்டிகளில், ஒவ்வொரு சொத்துக்கும் ஆண்டுக்கு 12 டாலர் என்று 20 ஆண்டுகளுக்கு ஒரு வரி கேட்டார்கள். 1978-ல் வந்த 13-ஆவது முன்மொழிவின்படி இத்தகைய தனிவரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கட்டாயம். ஒன்பது கவுண்டிகளின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டியபோது 70 விழுக்காடு வந்தது. மொத்தம் 50 கோடி டாலர். பழைய உப்பளங்களைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, அலையேறும் சதுப்புநிலத்தை மீட்பதற்கான பணம் அது.

இரண்டுக்கும் இடையே 6 டாலர் வித்தியாசத்தைவிட முக்கியமானது வேறு. மாநிலப் பூங்கா என்பது பலருக்கு எங்கோ இருக்கும் இடம். அதைப் பராமரிக்கத்தானே ஏற்கெனவே வரி கட்டுகிறோம் என்ற கேள்வி நியாயமாகவே எழும். வளைகுடா தினமும் பாலத்தைக் கடக்கும்போது கண்ணில் படுவது. அதன் சதுப்புநிலத்தில் பெரும்பகுதியை ஒன்றரை நூற்றாண்டில் தூர்த்துவிட்டார்கள் என்பதும், கடல்மட்டம் ஏறினால் வெள்ளம் எங்கே வரும் என்பதும் அங்குள்ளவர்கள் அறிந்தவை. ஆனால் அந்த 12 டாலரில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சிறு வீட்டுக்காரருக்கும் பெரும் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகத்துக்கும் ஒரு சொத்துக்கு அதே 12 டாலர்தான்.

மக்கள் ஆம் என்ற பிறகு ஆட்சியாளர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஃபுளோரிடாவைப் பார்க்கலாம். வளர்ச்சியின் வேகத்தில் காடும் சதுப்பும் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்த மாநிலம், 1990 முதல் ஆண்டுக்கு 30 கோடி டாலர் அளவில் நிலம் வாங்கிவந்தது. 2008-ன் நிதி நெருக்கடிக்குப் பின் சட்டமன்றம் அந்தப் பணத்தை ஏறக்குறைய நிறுத்தியது. எனவே குடிமக்களே கையெழுத்துத் திரட்டி, 2014-ல் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிலம், வீடு வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வையின் வருவாயில் 33 விழுக்காட்டை 20 ஆண்டுகளுக்கு நிலம் வாங்கவும், மீட்கவும், பராமரிக்கவும் ஒதுக்க வேண்டும் என்றது அது. புதிய வரி ஏதும் இல்லை. 60 விழுக்காடு தேவைப்பட்ட இடத்தில் 75 கிடைத்தது. அதே தேர்தலில் ஆளுநர் ரிக் ஸ்காட்டால் 50 விழுக்காட்டைக்கூட எட்ட முடியவில்லை.

அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் வந்தபோது வாக்களித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். நிலம் வாங்கச் சென்றது சிறு துண்டு. பெரும்பகுதியைத் துறைகளின் வழக்கமான செலவுகளுக்கே, சம்பளம் உள்பட, திருப்பியிருந்தார்கள். சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2018-ல் மாவட்ட நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: 2015-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு மட்டுமே பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று திருத்தம் சொல்லவில்லை என்றது. வாசகத்தின் இடுக்கில் சட்டமன்றம் நுழைந்துவிட்டது. நான்கில் மூன்று பேர் கேட்டதை மதிக்காமல் விட்டது ஜனநாயகத்தின் மேல் விழுந்த அடி என்றே நான் சொல்வேன். மின்னசோட்டா எழுதிவைத்ததைப் போன்ற ஒரு வாசகம் அங்கே இல்லாமல் போயிற்று.

இத்தனைக்குப் பிறகு ஃபுளோரிடா மக்கள் வெறுத்து ஒதுங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் உள்ளூரில் அவர்கள் ஒதுங்கவில்லை. வொலூசியா கவுண்டியில் 2000-ல் நிலம் வாங்குவதற்கென்று 20 ஆண்டு சொத்து வரி ஒன்று வந்திருந்தது. கெடு முடிந்த 2020-ல் மறுபடி கேட்டபோது நான்கில் மூன்று பேர் நீட்டிக்கச் சொன்னார்கள். அந்தக் கவுண்டியும் அதே நாளில் டிரம்ப்புக்குப் பெரும்பான்மை கொடுத்தது. தலைநகரிடம் ஏமாந்தவர்கள், வாங்கிய நிலத்தை நேரில் போய்ப் பார்க்க முடிந்த நிர்வாகத்தை மட்டும் நம்பினார்கள்.

யார் கட்டுகிறார்கள், யாருக்குப் பலன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. விற்பனை வரி ஏழையின் கூடையில் அதிக எடையுள்ளது. நியூயார்க்கின் லாங் தீவில், கிழக்கு முனையிலுள்ள ஐந்து ஊர்கள் 1998-ல் வேறு வழி எடுத்தன. வீடு, மனை கைமாறும்போது வாங்குபவர் 2 விழுக்காடு கட்ட வேண்டும், குறிப்பிட்ட தொகை வரை விலக்கு. கோடீஸ்வரர்கள் கடற்கரை மாளிகை வாங்கும் ஊர்கள் அவை. இதுவரை அந்த நிதிக்கு 100 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது. மாளிகை விற்பனையே அக்கம்பக்கத்து உருளைக்கிழங்கு வயல்களைக் காக்கப் பணம் தருகிறது. மாசசூசெட்ஸில் 2000-ல் வந்த சட்டம் இன்னும் விரிவானது. ஊர் மக்கள் ஏற்றால் சொத்து வரியின் மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் வரி போடலாம். அந்தப் பணத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பழைய கட்டடங்களுக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கும் போயாக வேண்டும். பாஸ்டன் 2001-ல் இதை நிராகரித்தது. 2016-ல் நான்கில் மூன்று பேர் ஆதரவோடு ஏற்றது.

வீட்டுவசதியைச் சேர்த்தது வெறும் தந்திரமில்லை. போல்டரைச் சுற்றி நிலம் பாதுகாக்கப்பட்டது. ஊருக்குள் புதுவீடுகளின் வளர்ச்சிக்கும் 1970-களிலிருந்து வரம்பு போட்டார்கள். விளைவாக வீட்டு விலை சாதாரண ஊழியருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த ஊரின் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்யும் பல்லாயிரம் பேர் தினமும் வெளியூரிலிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். கடையில் அவர்கள் வாங்கும் பொருளுக்கும் அந்த நிலத்துக்கான வரி சேர்கிறது. அந்த வரி பற்றிய வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

மின்னசோட்டாவின் வரிக்கு 2034-ல் கெடு முடிகிறது. ஃபுளோரிடாவின் முத்திரைத் தீர்வை ஒதுக்கீடு 2035-ல் முடிகிறது. ஓராண்டு இடைவெளியில் இரு மாநிலங்களின் வாக்காளர்களும், தாங்கள் கொடுத்த ஒப்புதல் என்னவாயிற்று என்று கணக்குப் பார்ப்பார்கள்.